ஒரே பெயருடைய மன்னர்கள்: கண்டி இராச்சியப் பாடத்தில் மாணவர் தடுமாறும் இடம்

மாணவர்களே,

க.பொ.த. சாதாரண தர வரலாறு விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் ஒரு தவறிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குவோம். "முல்லேரியாப் போரில் போர்த்துக்கேயரைத் தோற்கடித்த இராஜசிங்கன் பின்னர் ஒல்லாந்தருடன் ஒப்பந்தம் செய்தான்" என ஒரு மாணவர் எழுதுகிறார். வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை. முல்லேரியாப் போர் உண்மை, ஒல்லாந்த ஒப்பந்தமும் உண்மை. ஆனால் அப்போரில் வென்ற இராஜசிங்கன் வேறு, ஒப்பந்தம் செய்த இராஜசிங்கன் வேறு. முன்னவன் 1593இல் இறந்துவிட்டான். ஒப்பந்தம் நடந்தது 1638இல். இடையில் 45 ஆண்டுகள் உள்ளன. இப்படி எழுதிய மாணவர் பாடத்தைப் படிக்காதவர் அல்லர், நன்றாகப் படித்தவரே. இரண்டு மனிதர்களை ஒருவராக்கிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் கட்டுரை வினாவில் இத்தவறு முதற் பந்தியில் வந்துவிட்டால், அதன் மேல் கட்டப்படும் காரணம், விளைவு எல்லாமே சரிந்துவிடும்.

கண்டி இராச்சியப் பாடத்தில் இத்தகைய பெயர்கள் பல உள்ளன. இராஜசிங்கன் என்று முடியும் பெயருடைய மன்னர் ஆறு பேர் வருகின்றனர். விமலதர்மசூரியன் இருவர். தொன் யுவான் என்று ஞானஸ்நானப் பெயர் பெற்றவரும் இருவர், அதுவும் ஒரே காலத்தில். பிலிமத்தலாவை என்ற பெயருடைய பிரதானிகளும் ஒருவருக்கு மேற்பட்டோர். இவர்களைப் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

முதலில் ஓர் அடிப்படை விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். விமலதர்மசூரியன், இராஜசிங்கன் என்பன தாய் தந்தையர் தொட்டிலில் இட்ட பெயர்கள் அல்ல. அரியணை ஏறும்போது, அல்லது ஒரு பெரும் வெற்றியின் பின்னர், சூடிக்கொண்ட பட்டப் பெயர்கள். சீதாவாக்கை இராஜசிங்கனின் இளமைப் பெயர் டிக்கிரி பண்டார. முதலாம் விமலதர்மசூரியனின் இயற்பெயர் கொனப்பு பண்டார. கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், அரசனாகுமுன் கண்ணுசாமி. பட்டப் பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் இயற்பெயர்கள் ஒன்றாக இருப்பது அரிது. எனவே ஒரு மன்னனைப் படிக்கும்போது, தெரிந்த இடத்தில், அவனது இயற்பெயரையும் சேர்த்தே மனதில் பதிக்கவும்.

இரண்டாவது விடயம், "முதலாம்", "இரண்டாம்" என்ற எண்கள். எந்த மன்னனும் தன்னை "முதலாம்" என்று அழைத்துக்கொண்டதில்லை. தனக்குப் பின் இன்னொருவன் அதே பெயரில் வருவான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த எண்கள் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் வசதிக்காக இட்டவை. எண் அடுத்தடுத்து வருவதால் முதலாமவன் தந்தை, இரண்டாமவன் மகன் என்று நினைப்பது பெரும் பிழை. ஒரே இராச்சியத்தை ஆண்டவர்கள் என்று நினைப்பதும் பிழையாகலாம்.

எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு உங்கள் பாடப்பரப்பிலேயே ஓர் ஐரோப்பிய உதாரணம் உண்டு. கோட்டை மன்னன் தர்மபாலன் 1580இல் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னருக்கு நன்கொடையாக எழுதிக்கொடுத்தான். அதே ஆண்டில் போர்த்துக்கலின் அரசுரிமை ஸ்பெயின் மன்னன் பிலிப்பின் கைக்கு மாறத் தொடங்கியது. அம்மன்னன் ஸ்பெயினில் இரண்டாம் பிலிப். போர்த்துக்கலில் முதலாம் பிலிப். மனிதன் ஒருவனே, எண் மட்டும் இரண்டு! ஆகவே எண் என்பது மனிதனின் உடலோடு ஒட்டிய அடையாளம் அன்று. யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இராஜசிங்கர் இருவர்

இனி மிக முக்கியமான சோடியை நோக்குவோம்.

முதலாம் இராஜசிங்கன் சீதாவாக்கை மன்னன். மாயாதுன்னையின் மகன். இன்றைய அவிசாவளைப் பகுதியே சீதாவாக்கை. தந்தை உயிருடன் இருந்தபோதே, இளவரசனாக முல்லேரியாவில் போர்த்துக்கேயரை முறியடித்துப் புகழ்பெற்றான். 1581இல் அரசனானான். கொழும்புக் கோட்டையை 1587, 1588ஆம் ஆண்டுகளில் நீண்ட காலம் முற்றுகையிட்டான். ஆனால் கடற்படை இல்லாத அவனால், கடல்வழியே உதவி பெற்றுவந்த கோட்டையை வீழ்த்த முடியவில்லை. பிற்காலத்தில் சைவ சமயத்தைத் தழுவினான். அவிசாவளையில் பெரெண்டி கோயில் என்ற பெயரில் இன்றும் காணப்படும் இடிபாடுகள் அவனுடன் தொடர்புபடுத்திக் கூறப்படுகின்றன.

இரண்டாம் இராஜசிங்கன் கண்டி மன்னன். செனரத் மன்னனுக்கும் தோனா கதரினாவுக்கும் பிறந்தவன். 1635 முதல் 1687 வரை, ஏறத்தாழ 52 ஆண்டுகள் ஆண்டான்.

இவ்விருவருக்கும் என்ன உறவு? பல மாணவர்கள் "பாட்டனும் பேரனும்" என்று ஊகிக்கின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. 1582 அளவில் முதலாம் இராஜசிங்கன் கண்டியின் மீது படையெடுத்தான். அப்போது கண்டியை ஆண்டவன் கரலியத்தே பண்டார. அவன் தன் சிறு மகளுடனும் மருமகனுடனும் திருகோணமலைப் பக்கமாகத் தப்பியோடி அங்கேயே இறந்தான். போர்த்துக்கேயரிடம் சேர்ந்த அச்சிறுமிதான் பின்னாளில் தோனா கதரினா எனப் பெயர் பெற்ற குசுமாசன தேவி. அவள் யாருடைய தாய்? இரண்டாம் இராஜசிங்கனின் தாய். அதாவது, முதலாம் இராஜசிங்கன் இரண்டாம் இராஜசிங்கனின் தாய்வழிப் பாட்டனை அரியணையிலிருந்து துரத்தியவன்! பெயர் ஒன்று, குடும்பங்களோ பகைக் குடும்பங்கள். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் இருவரையும் நீங்கள் ஒருபோதும் ஒன்றாக்க மாட்டீர்கள்.

அப்படியாயின் வேறு இராச்சியத்து மன்னனை ஏன் கணக்கில் சேர்த்து "இரண்டாம்" என்றனர்? வரலாற்றாசிரியர்கள் இராச்சியவாரியாக எண்ணாமல், சிங்கள மன்னர் அனைவரையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணியதே காரணம். அத்துடன் முதலாமவன் கண்டியையும் சுமார் பத்து ஆண்டுகள் தன் ஆதிக்கத்தில் வைத்திருந்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

பரீட்சை மண்டபத்தில் இருவரையும் பிரித்தறிய ஓர் எளிய வழி, "ஒல்லாந்தர் வருகிறார்களா?" என்று பார்ப்பது. ஒல்லாந்தத் தூதுவனான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு வந்தது 1602இல். முதலாம் இராஜசிங்கனோ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டான். ஆகவே ஒல்லாந்தர் என்ற சொல் வினாவில் இருந்தால் அது முதலாம் இராஜசிங்கனாக இருக்கவே முடியாது. மாறாகப் போர்த்துக்கேயர் என்ற சொல் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். இருவருமே போர்த்துக்கேயரோடு போரிட்டவர்கள். அங்கே போர் நடந்த இடத்தைப் பார்க்கவும். முல்லேரியா, கொழும்பு முற்றுகை என்றால் முதலாமவன். கன்னொறுவை என்றால் இரண்டாமவன்.

கண்டி மாணவர்களுக்குக் கன்னொறுவையை விளக்க வேண்டியதில்லை. பேராதனைப் பூந்தோட்டத்தின் எதிரே மகாவலிக்கு அப்பால் தெரியும் மேட்டுநிலம் அது; இன்று விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் அங்கே உள்ளன. 1638 மார்ச் மாதத்தில் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ த மெல்லோ பெரும்படையுடன் கண்டி நகருக்குள் நுழைந்தான். நகரம் வெறுமையாக இருந்தது. மக்களையும் பொருள்களையும் மன்னன் முன்னரே அகற்றியிருந்தான். போர்த்துக்கேயர் நகருக்குத் தீவைத்துவிட்டுத் திரும்பியபோது ஆற்றுக்கு அருகில் கண்டிப் படைகள் அவர்களைச் சூழ்ந்துகொண்டன. தளபதி கொல்லப்பட்டான், உயிர் தப்பியோர் மிகச் சிலரே. இருமருங்கும் காடு, நடுவே ஒடுங்கிய பாதை, முன்னே ஆறு. கண்டியரின் போர்முறைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. "கண்டி இராச்சியத்தின் பாதுகாப்புக்குப் புவியியல் அமைவு எவ்வாறு உதவியது?" என்ற வினாவுக்குக் கன்னொறுவையை உதாரணமாக எழுதினால் புள்ளி உறுதி.

அதே ஆண்டு மே மாதத்தில் மட்டக்களப்பில் வைத்து ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டுடன் மன்னன் ஒப்பந்தம் செய்தான். அதன்பின் போர்த்துக்கேயரின் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஆனால் கொழும்பை மன்னனிடம் ஒப்படைக்க அவர்கள் மறுத்துவிட்டனர். "இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை" என்று சிங்கள மக்கள் வழங்கும் பழமொழி இந்நிகழ்வோடு தொடர்புபடுத்தப்படுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்ததும் இம்மன்னனின் காலத்திலேயே. 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் வரும் "ராஜசிங்க" இவனே. சீதாவாக்கையான் அல்லன்.

தொன் யுவான் இருவர்

இது சிறிய பகுதி, ஆனால் பல்தேர்வு வினாக்களில் மாணவரை ஏமாற்றக்கூடியது. போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கோட்டை மன்னன் தர்மபாலன், தொன் யுவான் பெரிய பண்டார ஆனான். சீதாவாக்கை மன்னனால் தன் தந்தை வீரசுந்தர பண்டார கொல்லப்பட்டதும் போர்த்துக்கேயரிடம் தஞ்சம் புகுந்த கொனப்பு பண்டாரவும் ஞானஸ்நானம் பெற்றான். அவனுக்குக் கிடைத்த பெயர் ஒஸ்திரியாவின் தொன் யுவான். 1571இல் லெபாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்று ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட இளவரசனின் பெயர் அது. மலைநாட்டுப் பிரதானி ஒருவனின் மகனுக்கு மத்தியதரைக் கடல் வீரனின் பெயர்!

1594இல் நிலைமை எவ்வாறு இருந்தது என்று பாருங்கள். ஒரு தொன் யுவான் கொழும்பில் போர்த்துக்கேயரின் நிழலில் வாழும் பெயரளவு மன்னன். மற்றத் தொன் யுவான் கண்டியைக் கைப்பற்றி, தனக்குப் பெயரும் போர்ப்பயிற்சியும் தந்த அதே போர்த்துக்கேயரைத் தந்துறையில் அழித்துக்கொண்டிருந்தான். பெத்ரோ லோபெஸ் த சூசா என்ற தளபதி, தோனா கதரினாவை அரசியாக்கும் நோக்கத்துடன் அழைத்து வந்திருந்தான். படை அழிந்தது, இளவரசி கொனப்பு பண்டாரவின் கைக்கு வந்தாள். கரலியத்தே பண்டாரவின் ஒரே வாரிசான அவளை மணந்ததன் மூலமே அவனது அரசுரிமை உறுதியானது. போர்த்துக்கேயர் தந்த பெயரைக் களைந்து அவன் சூடிய பெயர்தான் விமலதர்மசூரியன்.

விமலதர்மசூரியர் இருவர்

இச்சோடியைப் பிரிப்பது இராஜசிங்கரைப் பிரிப்பதைவிடக் கடினம். காரணம், இருவரும் ஒரே இராச்சியத்தை ஆண்டவர்கள், ஒரே மாதிரியான பணிகளையும் செய்தவர்கள்.

இருவருமே தலதா மாளிகை கட்டினர். இருவருமே அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டினர். பெயரும் ஒன்று, பணியும் ஒன்று, பிக்குகள் வந்த நாடும் ஒன்று. எங்கே பிடித்துக்கொள்வது?

காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாம் விமலதர்மசூரியன் 1592 முதல் 1604 வரை ஆண்டான். இரண்டாமவன் 1687 முதல் 1707 வரை. இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. முதலாமவன் காலத்து உபசம்பதா 1590களில் கெட்டம்பேயில், மகாவலி ஆற்றில் நடைபெற்றது. கண்டியிலிருந்து பேராதனைக்குப் பேருந்தில் செல்லும்போது நீங்கள் கடக்கும் அதே கெட்டம்பேதான். இரண்டாமவன் காலத்தது 1697இல். முதலாமவன் கட்டிய தலதா மாளிகை இரண்டு மாடி கொண்டது. இரண்டாமவன் கட்டியது மூன்று மாடி. இவ்விரண்டும் இன்று இல்லை. நாம் இப்போது வழிபாட்டு வேளையில் காணும் உள்மாளிகை அவனது மகன் நரேந்திரசிங்கன் காலத்தது. முன்னால் உள்ள எண்கோண மண்டபமும் குளமும் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தவை. குளம் 1812இல் நிறைவுபெற்றது.

ஒரே பணியை நூறு ஆண்டுக்குள் இருமுறை செய்ய வேண்டி வந்தது ஏன்? உபசம்பதா வழங்குவதற்கு ஏற்கெனவே உபசம்பதா பெற்ற பிக்குகள் குறைந்தது ஐவர் வேண்டும். போர்க்காலங்களில் அந்த எண்ணிக்கை இல்லாமற் போனால், பரம்பரை அற்றுவிடும். உள்நாட்டில் எவராலும் அதைப் புதிதாகத் தொடங்க முடியாது. வெளிநாட்டிலிருந்தே பெற வேண்டும். முதலாமவன் நிலைநாட்டியது போர்களால் அழிந்தது. இரண்டாமவன் நிலைநாட்டியதும் நிலைக்கவில்லை. ஆகவே 1753இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் மூன்றாவது முறையாக, இம்முறை அரக்கானிலிருந்து அன்றிச் சீயத்திலிருந்து, உபாலி தேரர் வரவழைக்கப்பட்டார். வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியும் ஒல்லாந்தரின் கப்பலும் இதற்கு உதவின. மூன்று தடவைகளையும் காரணத்தோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. வெறும் ஆண்டுகளாக மனனஞ் செய்தால் பரீட்சைக்கு முதல்நாள் இரவே கலந்துவிடும்.

ஆட்சியின் தன்மையும் வேறு. முதலாமவன் வாளோடு வாழ்ந்தவன். 1594இல் தந்துறையில் வென்றான். பின்னர் பலனையிலும் போர்த்துக்கேயரைப் பின்வாங்கச் செய்தான். இரண்டாமவன் ஒல்லாந்தரோடு பெரும்பாலும் சமாதானமாக இருந்து சமயப் பணியில் ஈடுபட்டவன். வினாவில் "போர்த்துக்கேயர்" என்று இருந்தால் முதலாமவன். 1687இல் இரண்டாமவன் அரியணை ஏறியபோது போர்த்துக்கேயர் இலங்கையை விட்டுப் போய் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

உறவு? இரண்டாம் விமலதர்மசூரியன் இரண்டாம் இராஜசிங்கனின் மகன். இராஜசிங்கன் தோனா கதரினாவின் மகன். ஆனால் செனரத்துக்குப் பிறந்தவன், முதலாம் விமலதர்மசூரியனுக்குப் பிறந்தவன் அல்லன். முதலாம் விமலதர்மசூரியன் 1604இல் இறந்தபின் அவனது உறவினனான செனரத் அவளை மணந்து அரசனானான். ஆகவே முதலாமவன் இரண்டாமவனுக்குப் பாட்டியின் முதற் கணவன். இதை ஒரு கொப்பித்தாளில் வம்சவரைபடமாக வரைந்து பாருங்கள். நடுவில் தோனா கதரினாவின் பெயரை எழுதி, இருபுறமும் இரு கணவர். மேலே கரலியத்தே பண்டார. கீழே இரண்டாம் இராஜசிங்கன். அவனுக்குக் கீழே இரண்டாம் விமலதர்மசூரியன். மன்னர் பட்டியலில் இடம்பெறாத ஒரு பெண்ணின் பெயர்தான் மூன்று ஆட்சிகளை இணைக்கிறது என்பதை அப்போது காண்பீர்கள். பாடத்தில் அவளுக்கு ஒன்றிரண்டு வரிகள்தான் கிடைக்கின்றன. அது போதாது என்பது என் எண்ணம்.

நாயக்க மன்னர் நால்வர்

1739இல் நரேந்திரசிங்கன் இறந்தான். அரச குலத்து மனைவியரிடம் அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. உனம்புவே பண்டார என்ற மகன் இருந்தபோதும், அவனது தாய் அரச குலத்தவள் அல்லள் என்பதால் ஏற்கப்படவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த அரசியின் சகோதரனே ஸ்ரீ விஜய இராஜசிங்கன் (1739 - 1747) என்ற பெயரில் மன்னனானான். அவனுக்கும் வாரிசு இல்லாததால் அவனது அரசியின் சகோதரன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747 - 1782) ஆனான். அதன்பின் அவனது தம்பி இராஜாதி இராஜசிங்கன் (1782 - 1798). இறுதியாக ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் (1798 - 1815).

நால்வரும் இராஜசிங்கர். ஆனால் மூன்றாம், நான்காம் என்று இவர்களை எவரும் எண்ணுவதில்லை. முன்னொட்டு ஒவ்வொருவருக்கும் வேறாக இருப்பதே காரணம். எனவே இவர்களைப் பற்றி எழுதும்போது முழுப் பெயரையும் எழுதுதல் கட்டாயம். "இராஜசிங்கன்" என்று மட்டும் எழுதினால் பரீட்சகர் யாரென்று எடுத்துக்கொள்வார்? புதிதாக வந்த நாயக்கர் இப்பெயரைச் சூடியதையும் சிந்தித்துப் பாருங்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, வீட்டில் வேறு மொழி பேசியவர்கள், தம்மை முன்னைய கண்டி மன்னரின் வழித்தோன்றல்களாகக் காட்ட வேண்டியிருந்தது. பெயர் அதற்கு ஒரு வழி. பௌத்தப் பணிகள் இன்னொரு வழி. இராஜாதி இராஜசிங்கன் சிங்களத்தில் கவிதை நூல் இயற்றும் அளவுக்கு அம்மொழியில் தேர்ச்சி பெற்றிருந்தான்.

இந்நால்வரில் மாணவர் அதிகம் கலப்பது நடுவில் உள்ள இருவரையே. ஆங்கிலேயத் தூதுவர்களைக் கொண்டு பிரிக்கலாம். 1762இல் சென்னையிலிருந்து வந்த பைபஸ் சந்தித்தது கீர்த்தி ஸ்ரீயை. 1782இல் வந்த ஹியூ பொய்ட், 1795இல் வந்த ரொபட் அன்ட்ரூஸ் ஆகிய இருவரும் சந்தித்தது இராஜாதி இராஜசிங்கனை. முன்னர் பைபஸ் வந்துபோனதனால் பயன் ஏதும் விளையாததை இராஜாதி மறக்கவில்லை. பொய்ட் வெறுங்கையுடனேயே திரும்பினார். ஒல்லாந்தர் கண்டி நகருக்குள் புகுந்ததும் (1765), கரையோரம் முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்த 1766 ஒப்பந்தமும் கீர்த்தி ஸ்ரீயின் காலத்தவை.

மற்றொரு சிறு கண்ணி: கண்டியின் முதல் மன்னன் சேனாசம்மத விக்கிரமபாகு, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். "விக்கிரம" என்பதைக் கண்டவுடன் விடையைக் கோடிட வேண்டாம். அவ்வாறே ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கனைப் பராக்கிரமபாகு என்று எழுதுவோரும் உளர்.

பிலிமத்தலாவையும் துரைசாமியும்

கண்டிப் பிரதானிகள் ஊர்ப் பெயராலும் குடும்பப் பெயராலுமே அழைக்கப்பட்டனர். கண்டி - கொழும்பு வீதியில் உள்ள பிலிமத்தலாவை உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். கண்ணுசாமியை அரியணையில் ஏற்றிய மகா அதிகாரம் பிலிமத்தலாவை, பின்னர் மன்னனுக்கு எதிராகச் சதி செய்து, 1815க்குச் சில ஆண்டுகள் முன்பே மரண தண்டனை பெற்றான். அவனது பதவி எஹலப்பொலவுக்குச் சென்றது. ஆனால் 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோர் பட்டியலில் பிலிமத்தலாவை என்ற பெயர் வருகிறது! இறந்தவன் எப்படிக் கையொப்பமிடுவான்? அது அதே குடும்பப் பெயரைக் கொண்ட வேறு பிரதானிகளின் பெயர். "கண்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட மகா அதிகாரம் பிலிமத்தலாவை" என்று எழுதாதீர்கள்.

ஒரு பெயர் எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதை 1817-1818 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியில் காணலாம். இறுதி மன்னன் வேலூரில் சிறையிருந்தான். 1832இல் அங்கேயே இறந்தான். மன்னனில்லாத கண்டியில், வில்பாவே என்ற முன்னாள் பிக்கு ஒருவர் தம்மை நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்று கூறிக்கொண்டு தோன்றினார். மக்கள் நம்பினர். கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிப்பொல திசாவையே கிளர்ச்சியாளருடன் இணைந்தார். அவர் உண்மையான துரைசாமி அல்லர் என்பது வெளிப்பட்டதும் கிளர்ச்சி தளர்ந்தது. 1818 நவம்பர் 26ஆம் திகதி கெப்பெட்டிப்பொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இரவல் பெயர் ஒன்றின் பின்னால் திரண்டவர்கள் இழந்தது தமது உயிரையும் வயல்களையும். கிளர்ச்சியின் தோல்விக்கான காரணங்களை எழுதும்போது இதனையும் ஒரு காரணமாகச் சேர்க்கவும்.

பயிற்சி வினாக்கள்

முதலில் விடையை மறைத்துவைத்து நீங்களே எழுதிப் பாருங்கள்.

1. "தந்துறையில் போர்த்துக்கேயரை வென்ற தொன் யுவான் யார்? அக்காலத்தில் அதே பெயரைக் கொண்டிருந்த மற்ற மன்னன் யார்?"
விடை: கொனப்பு பண்டார, அதாவது முதலாம் விமலதர்மசூரியன். மற்றவன் கோட்டை மன்னன் தர்மபாலன்.

2. "1697இல் அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்த மன்னனின் தந்தை யார்?"
விடை: இரண்டாம் இராஜசிங்கன். (முதலாம் விமலதர்மசூரியன் என்று எழுதியவர்கள் வம்சவரைபடத்தை மீண்டும் வரையவும்.)

3. "இராஜசிங்கன் போர்த்துக்கேயருக்கு எதிராக ஐரோப்பிய வல்லரசொன்றின் உதவியை நாடினான். இக்கூற்றிலுள்ள மன்னனை இனங்கண்டு, காரணம் தருக."
விடை: கண்டியின் இரண்டாம் இராஜசிங்கன். அவ்வல்லரசு ஒல்லாந்து. ஒல்லாந்தத் தூதுவன் முதன்முதலில் கண்டிக்கு வந்தது 1602இல்; சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் 1593இல் இறந்துவிட்டான். ஆகவே 1638 மே மாதத்தில் மட்டக்களப்பில் வெஸ்டர்வோல்ட்டுடன் ஒப்பந்தம் செய்தவன் இரண்டாமவனே. காரணத்தை எழுதாமல் பெயரை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது.

4. "முதலாம் இராஜசிங்கனின் படையெடுப்பு கண்டி அரச குடும்பத்தை எவ்வாறு பாதித்தது?"
விடை: 1582 அளவில் நடந்த படையெடுப்பால் கரலியத்தே பண்டார அரசிழந்து தப்பியோடி இறந்தான். அவன் மகளும் மருமகனும் போர்த்துக்கேயரிடம் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றனர். மருமகன் யமசிங்க பண்டார, தொன் பிலிப் என்ற பெயருடன் போர்த்துக்கேயரால் கண்டிக்கு அழைத்துவரப்பட்டுச் சிறிது காலத்தில் இறந்தான். அவனுடன் வந்த கொனப்பு பண்டார 1592இல் அரியணையைக் கைப்பற்றினான். மகள் தோனா கதரினா 1594இல் அவனிடம் அகப்பட்டு அவனது அரசியானாள். அவன் இறந்தபின் செனரத்தின் அரசியானாள். அவள் பெற்ற மகன் 1635இல் அரியணை ஏறியபோது, தன் பாட்டனைத் துரத்தியவனின் பெயரிலேயே இராஜசிங்கன் என அழைக்கப்பட்டான்.